பவித்ராவின் கடைசி எழுத்து

நம் கேன்டீன் டீ வாயில் வைக்க முடியவில்லை என்று பல தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரோஸ்மேரி மேடம். அதற்கு யாரும் விசாரணை வைத்ததில்லை. நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் ஒரே ஒரு புகார் அனுப்பினார். உடனே ஏசி அறை, தண்ணீர் பாட்டில், எதிரே நீங்கள். பரவாயில்லை, கேட்டதால் சொல்கிறேன். மாலை ரயிலை விட்டால் பொன்னேரியில் பழவேற்காடு பஸ் கிடைக்காது, அது ஒன்றுதான் என் கவலை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முடிவில் யார் யார் எழுதியதைப் படித்தோம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் எது, வருடம் எது, தலைப்பு எது என்று கணினிக்குப் பிரித்துக் காட்டுவது என் வேலை. சரியாகப் பிரித்தால்தான் பெருமை உரியவர் கணக்கில் போய்ச் சேரும். வெளிநாட்டுப் பெயர்கள்தான் தொல்லை. ஒருவர் எழுத்தின் தலையில் குடை, இன்னொருவருக்கு இரண்டு புள்ளி, வேறொருவருக்கு அடியில் வால். இந்த நார்வேக்காரரின் 'ஓ'வுக்குக் குறுக்கே ஒரு கோடு, யாரோ தப்பென்று அடித்துவிட்ட மாதிரி. பழைய கணினி நிரல் இதையெல்லாம் கண்டால் கேள்விக்குறி போட்டுவிடும். ஒரு போலந்துக்காரரின் பெயர் முக்கால்வாசி கேள்விக்குறியாகவே அச்சானது. பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்திருக்கும்.

அதைச் சரிசெய்ய என்னிடம் கொடுத்தீர்கள். கோட்டோடு ஒட்டிப் பிறந்த எழுத்து ஒன்று, வெறும் எழுத்தின் மேல் பிறகு கோட்டை ஏற்றியது ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு ஆட்கள். அந்த வேற்றுமையைத் தீர்த்துவைத்தேன். எல்லாரும் அவரவர் குடையோடு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் எனக்கு ஒரு குக்கர் பரிசு கொடுத்தீர்கள்.

என் மனைவி பவித்ராவைப் பற்றிக் கேட்டீர்கள். என் அத்தை மகள். ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவு அங்கமுத்துவின் ஒரே பெண். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மண்ணால் அடைபடும்போது நண்டுக் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். வடக்கே இன்னொரு பவித்ரா இருக்கிறார், அதே இனிஷியல், அவரும் ஆராய்ச்சிதான், இறால்காரர். குழப்பம் வரக்கூடாதென்று இவள் ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் நெடில் கோடு போட்டு எழுதினாள். எதற்கு இந்தத் தொப்பி என்று நான் கேலி செய்ததுண்டு.

"எங்க நைனா கரையில நின்னு கூப்டா, என் பேரோட கடைசி எழுத்து படகு வரிக்கும் வரும் மாமா. அத்த வெட்டி எழுத மனசு வர்ல" என்றாள்.

அப்புறம் வேலையில் அவள் பெயர் எனக்கு வர ஆரம்பித்தது. சிலி நாட்டுக் கட்டுரையின் பட்டியலில் ஒரு தடவை, ஜப்பான் கட்டுரையில் ஒரு தடவை. முதலில் பெருமையாக இருந்தது, பக்கத்து நாற்காலி ஜான்சனுக்குக்கூடக் காட்டினேன். "நீ பிரிக்கிற, அவங்க எழுதுறாங்க, நல்ல ஜோடிப்பா" என்று சொல்லிச் சிரித்தான். அதன் பிறகு நான் யாருக்கும் காட்டவில்லை.

நெதர்லாந்தில் ஒரு ஆராய்ச்சி வேலைக்கு அவள் விண்ணப்பித்தாள். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் எங்கள் பழவேற்காட்டில் வந்து ஒரு கல்லறையைக் கட்டிவிட்டுப் போனார்கள். பதிலுக்கு நாம் ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் தடுக்கவில்லை. தடுக்கிற புருஷன் இல்லை நான். "நீயும் வா மாமா, அங்க உனக்கு வேலை இல்லாமலா பூடும்" என்று அவளே கூப்பிட்டாள். அம்மாவுக்கு முட்டிவலி என்றேன். அம்மா அப்போது தலையில் மீன்கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். உலகத்தில் எல்லாருடைய குடையும் கோடும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு பெயரில் மட்டும் கடைசிக் கோடு உதிரும், பெயர் அந்த இறால்காரப் பவித்ராவின் கணக்கில் போய் விழும். பழைய கட்டுரைகளையும் அதே வரியால் ஒரு முறை துடைத்தேன். அந்தத் துறையின் பத்திரிகைகள் பெரும்பாலும் நம் கையில்தானே. வடக்கத்தி அம்மாவுக்குத் திடீரென்று நண்டிலும் பெரிய பேர் வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்திலிருந்து பதில் வந்தது. உங்கள் ஆய்வை உலகில் யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை, வருந்துகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவளைப் படகில் பசியாவரம் கூட்டிப் போனேன். வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கமுத்து மாமா வலையைக் கீழே போட்டுவிட்டு மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா தேவேந்திரா, என் பொண்ணு இத்தினி வருசம் சேத்துல நின்னு எழுதினத ஒருத்தனுமா படிக்கல?"

உலகம் அப்படித்தான் மாமா என்றேன். அவர் குனிந்து வலையை எடுத்துக்கொண்டார். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமாகி அப்படி அவள் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. நான் செய்தது சரி என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறுதியாயிற்று.

நார்வேக்காரர் தன் கட்டுரையைத் தானே திருப்பிப் படிக்கிற ஆள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு ஓய்வு அவருக்கு. நான் சுட்டியது நண்டுக்காரியை, நீங்கள் காட்டுவது இறால்காரியை என்று எழுதிவிட்டார். உங்கள் ஆட்கள் தேடினார்கள், அந்த வரி கிடைத்தது. ஆமாம், நான் எழுதியதுதான். தவறுதலாக வந்ததல்ல. யோசித்து, நிதானமாக, இரண்டு முறை சோதித்துப் பார்த்து எழுதினேன். என் வேலையில் பிழை இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

என்னை வேலையிலிருந்து அனுப்புவது உங்கள் இஷ்டம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வரியை இப்போதே எடுத்துவிட வேண்டாம், அடுத்த மாதம் எடுங்கள். பவித்ரா மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். இந்த முறையும் இல்லையென்று வந்துவிட்டால் அவளே விட்டுவிடுவாள், அப்புறம் வீட்டில் நிம்மதிதான். அழுதால் தேற்றப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், மேடம். அந்த விஷயத்தில் மட்டும் நான் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.