நான்காவது சேனல்

2018 ஜூன் 14, வியாழக்கிழமை, மாலை 4.10. தாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், ஸ்டோக்கர் குடாவுக்குப் போகும் சரளைச் சாலை முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. கடைசி வீடு அங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் பின்னால்.

வண்டியில் வந்தவன் ரோவன் டில்யார்ட். வயது நாற்பத்து நான்கு. எங்கள் தொழில்தான்... ஒலிப்பதிவு. நம் படப்பிடிப்பில் கம்பு நீட்டிப் பூம் மைக் பிடிப்பாளே டெப், அவளுடைய பெரியப்பா மகன். டெப் இன்றைக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் சொல்கிறேன். இருந்தால் சொல்ல விடமாட்டாள். ஹீட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு, நிக்.

உங்களில் பாதிப் பேர் கேமரா ஆட்கள். அதனால் ஒன்றை முதலில் விளக்கிவிடுகிறேன்.

“எங்களுக்கும் காது இருக்குப்பா” என்றான் நிக்.

“இருக்கு. எதுக்குன்னு இந்தக் கதை முடியறப்ப சொல்லு.”

ரோவன் காடுகளையும் கடற்கரைகளையும் சரவுண்டில், சுற்றிலும் கேட்கிற மாதிரி, பதிவு செய்கிறவன். ஒரு முக்காலியின் மேல் ஐந்து மைக்குகள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்திருக்கும். ஒவ்வொன்றின் சத்தமும் ஒரு சேனலில் தனியே பதிவாகும். அதை ஓடவிட்டுவிட்டு அவன் வண்டிக்குப் போய்விடுவான், தன் மூச்சுச் சத்தம்கூடப் பதிவில் விழக் கூடாது என்று. சில மணி நேரம் கழித்து இருட்டில் வந்து எடுத்துக்கொண்டு போவான். இருபது வருடமாக அப்படித்தான்.

அன்று முன் மைக்குகளின் முகம் கடலைப் பார்த்து இருந்தது. இடது பக்கம் பாறைகள். பின்னால், வலது புறம் வண்டிக்குப் போகும் தடம். பின்னால், இடது புறம் ஒரு ஓடைப் பள்ளம்... புதர் மண்டி, பகலிலேயே உள்ளே வெளிச்சம் இறங்காத இடம்.

வெள்ளிக்கிழமை அவன் வீடு திரும்பவில்லை. அன்று மாலை அவன் மனைவி டானியா போலீசுக்குச் சொன்னாள். இரவே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டியிருந்தது. முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. பேட்டரி தீர்ந்து பதிவுக் கருவி அணைந்திருந்தது. காற்றைத் தடுக்க மைக்குகளை மூடியிருந்த ரோமத் துணி நனைந்து, செத்த நாய் மாதிரி நாறியது. ஆள் இல்லை.

ரோவனின் தங்கை கெரின். ஹோபார்ட்டில் படங்களுக்கு ஒலி கலக்குகிறவள், அந்த வேலையில் பெயர் உள்ளவள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மடிக்கணினியும் ஹெட்போனுமாகத் தேடுதல் குழு தங்கியிருந்த மீட்புப் படகுச் சங்கத்தின் கூடத்துக்கு வந்தாள். சார்ஜென்ட் கோல்வில் மெமரி கார்டை அவள் கையில் கொடுத்தார்.

“ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கு. எந்தப் பக்கம் போனான்னு இதுல கேக்குமா?”

“கேக்கும். அதுக்குத்தானே அஞ்சு மைக்.”

“எனக்கு ஆள் பதினொண்ணு, ஒரு ஹெலிகாப்டர். ராத்திரி புயல் வருது. பாறைப் பக்கமா, ஓடைப் பள்ளமா? ரெண்டையும் தேட என்னால ஆகாது, கெரின். மதியத்துக்குள்ள ஒண்ணைச் சொல்லு.”

அங்கே ஐந்து ஒலிபெருக்கி ஏது? காதில் மாட்டுகிற ஹெட்போன்தான். அதனால் சரவுண்டின் ஐந்து சேனல்களையும் இரண்டு காதுக்கான ஸ்டீரியோவாக மடிக்க வேண்டும். எங்களுக்கு அது பல் தேய்க்கிற மாதிரியான வேலை. மென்பொருளில் அதற்கென்று அவள் ஏற்கெனவே செய்து வைத்திருந்த அமைப்பு ஒன்று இருந்தது. தினமும் படங்களுக்குப் பயன்படுத்துவது. இடது சேனல் இடது காதுக்கு, வலது வலதுக்கு, நடுச் சேனலைக் கொஞ்சம் குறைத்து இரண்டுக்கும், பின்னால் உள்ளவற்றையும் குறைத்து அந்தந்தப் பக்கம். நான்காவது சேனலை மட்டும் எறிந்துவிட வேண்டும். படங்களில் நான்காவது என்பது வெடிச் சத்தத்துக்கும் இடிக்கும் தியேட்டர் அதிர்வதற்காக வைக்கிற அடிக் குரல். ஹெட்போனில் அது வெறும் இரைச்சல். எல்லோரும் எறிவோம். நானும் எறிவேன்.

திரையில் நான்காவது கோட்டில் என்னவோ நெளிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். காற்று என்று நினைத்தாள். எறிந்தாள்.

பத்து மணிக்குக் கேட்க உட்கார்ந்தாள். மேசை, மடிக்கணினி, நேரம் குறிக்க ஒரு நோட்டு. அவள் முதுகுக்குப் பின்னால் சுவர். சுவரில் வரிசையாக ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள், ஈரத்தோடு தொங்கின. கூடம் முழுக்க டீசல் வாசனை, சூப் வாசனை.

மூன்று மணி இருபத்தெட்டு நிமிடத்தில் காலடி வந்தது. இடது காதில். சரளை... சரளை... பிறகு மணல். பிறகு நின்றுவிட்டது. அவ்வளவுதான். அலை, அலை, அலை.

அவள் அங்கிருந்து ஒரு வினாடியும் விடாமல் கேட்டாள்.

எட்டு நிமிடம் ஆகியிருக்கும். யாரோ கூப்பிட்டார்கள். “கெஸ்!”

அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் குடும்பத்தார் மட்டும். அவள் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினாள். இடது தோளுக்குப் பின்னால். மிதவைச் சட்டைகள்.

கூடத்தில் அப்போது இருந்தவள் தேநீர் கொடுக்கிற ஷர்லி மட்டும். அவளும் எதிர்க் கோடியில், பாத்திரம் கழுவிக்கொண்டு.

“கூப்பிட்டீங்களா?”

“நானா? இல்லம்மா. நீ ராத்திரி தூங்கவே இல்லை போல. ஒரு வாய் டீயாவது குடியேன்.”

“அப்புறம்.”

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை... ஹெட்போனில் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஸ்டீரியோ என்றால் இடம், வலம், நடு. ஒரு குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டால் அது அறையில் இருக்கிற குரல். கெரினுக்கு இது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் பழக்கப்படி நோட்டில் எழுதினாள்: 3.36.20. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அறைச் சத்தம், பதிவில் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை. 3.52.05. 4.15.40. ஒவ்வொரு தடவையும் இடது தோளுக்குப் பின்னால். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். நான்காவது தடவை, 4.47.11, அழைப்பு கேட்கவில்லை. முணுமுணுப்பு மட்டும். வார்த்தை புரியவில்லை. கழுத்தில் குளிர்ச்சி... ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாசனை. அந்தத் தடவை அவள் வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஷர்லி சொன்னது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு சார்ஜென்ட் வந்தார். டானியாவும் கூட வந்தாள். முந்தின நாளிலிருந்து அவிழ்க்காத மழைக்கோட்டு.

“இடது பக்கம் நடந்திருக்கான். மணலுக்கு வந்ததும் அடி நின்னுபோச்சு. பள்ளத்துல இறங்கியிருந்தா புதர்ச் சத்தம் கேட்டிருக்கும். பாறைதான்.”

“பின்னாடி?” என்றாள் டானியா. “பள்ளத்துப் பக்கம் ஒண்ணும் இல்லையா? நல்லாக் கேட்டியா கெஸ்?”

“ரெண்டு மணி நேரம் கேட்டேன் டானியா. பின்னாடி ஒண்ணும் இல்ல.”

பதினொரு பேரும் பாறைக்குப் போனார்கள். ஹெலிகாப்டர் நாலரை வரை கடலின் மேல் சுற்றியது. ஞாயிறும் திங்களும் புயல், யாரும் வெளியே போகவில்லை. செவ்வாய் பகல் பதினொன்றுக்கு, போலீஸ் நாய் ஒன்று ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. முக்காலியிலிருந்து நூற்று நாற்பது மீட்டர். ரோவன் ஒரு பாறை மடிப்பின் கீழே உட்கார்ந்த வாக்கில் இருந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலை விளக்கு அணைந்து போயிருந்தது. கையெட்டும் தூரத்தில் ஓடைத் தண்ணீர். அதைக் குடித்திருக்கிறான்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதினார்: உயிர் பிரிந்தது சனிக்கிழமை மாலை, இருட்டும் நேரத்தை ஒட்டி.

*

ஜூலை ஆறாம் தேதி கெரின் தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். பட்டப் பகல். மரண விசாரணைக்காக ஒரு சுத்தமான பிரதி கேட்டிருந்தார்கள். அவள் கார்டை முதல் வினாடியிலிருந்து ஓட்டினாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிவு தொடங்கியதும் நாங்களே பேசி வைப்போம். தேதி, இடம், எந்த மைக் எந்த வரிசை. பிறகு கேட்கிறவன் குழம்பக் கூடாது என்று. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற இடமும் அதுதான். அன்று கூடத்தில் கெரின் தாண்டிப் போயிருந்தாள்.

ரோவனின் குரல். நல்ல உற்சாகமாக.

“ஸ்டோக்கர் குடா, ஜூன் பதினாலு. இடது, நடு, வலது, இடது பின், வலது பின். கெஸ், திட்டாத. உன் வரிசைக்கு மாத்துறேன்னு சொன்னேன்தான், மறந்துட்டேன். வந்து மாத்துறேன். திட்டாத, சரியா?”

பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது. வலது பின்னால் சரளையில் நடந்து போவது.

மார்ச் மாதம் இருவரும் இதைப் பற்றி சண்டை போட்டிருந்தார்கள். ரோவன் பழைய வரிசையில் பதிவு செய்கிறவன். கெரின் வேலை செய்வது வேறு வரிசையில்: இடது, வலது, நடு, அடிக் குரல், இடது பின், வலது பின். “ஒரு நாள் இது யாரையாவது கவுக்கப் போகுது”, “உன் மென்பொருளை நீ மாத்திக்கயேன், பெரிய இவ”, “நான் ஒருத்தி மாறணுமா, ஊர் உலகமே இப்படித்தான் வச்சிருக்கு”... டெப்பின் வீட்டுச் சமையலறையில், அவள் எதிரிலேயே. கடைசியில் ரோவன் மாற்றிவிடுவதாகச் சொன்னான். கெரின் அதை நம்பியிருந்தாள்.

அவனுடைய ஐந்தாவது சேனல் வலது பின். அவளுடைய ஐந்தாவது இடது பின். வண்டித் தடத்தில் வந்த காலடி இடது காதுக்குப் போனது அதனால்தான். அவள் எறிந்த நான்காவது, அவனுக்கு இடது பின். ஓடைப் பள்ளத்தைப் பார்த்த மைக்.

கெரின் எழுந்து தண்ணீர் குடித்தாள். ஐந்து ஒலிபெருக்கிகளையும் அவன் வரிசைப்படி மாற்றினாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மணி இருபத்தெட்டிலிருந்து ஓட்டினாள்.

காலடி, வலது பின்னாலிருந்து. முதுகுக்குப் பின்னால் குறுக்கே போனது. இடது பின்னால் ஒரு கிளை முறிந்தது. கற்கள் உருண்டன. ஒரு சத்தம்... ஈரத் துணி மூட்டையை மாடியிலிருந்து போட்ட மாதிரி. பிறகு அலை மட்டும்.

எட்டு நிமிடம் அலை.

3.36.20. இடது தோளுக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து: “கெஸ்!”

அவள் நோட்டை எடுத்தாள். எழுதியிருந்த நேரங்களை விரல் வைத்து ஒத்துப் பார்த்ததாக டெப்பிடம் சொன்னாளாம். 3.52.05, “கெஸ்!” 4.15.40, “கெஸ்!” இடையில் வேறு எதுவும் இல்லை. மனைவி பெயர் இல்லை. “காப்பாத்துங்க” இல்லை. இரண்டு மணி நேரத்தில் அவன் கூப்பிட்டது மூன்று தடவை. மூன்றும் அவள் எழுதி வைத்த வினாடியில்.

நான் டெப்பைக் கேட்டேன்: “எறிந்த சேனல் கொஞ்சம் கசிந்திருக்கும். மற்ற மைக்குகளில் லேசாக விழுந்திருக்கும், இல்லையா?” கெரினும் அதைத்தான் முதலில் நினைத்தாளாம். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தனியே கேட்டாள். முழுச் சத்தத்தில். அலை. அலை. அலை. அலை.

நோட்டில் நான்காவதாகக் குறித்த நேரத்துக்கு வந்தாள். 4.47.11. கூடத்தில் வார்த்தை புரியாமல் போன முணுமுணுப்பு. இப்போது தெளிவாகக் கேட்டது. வியாழக்கிழமை இரவு ஒன்பது மணியைத் தாண்டி, அந்தப் பள்ளத்துக்குள் ரோவன் பேசிய குரல். கத்தவில்லை. மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துப் பேசிய மாதிரி. நூற்று நாற்பது மீட்டரிலிருந்து அப்படி வராது.

“திரும்பிட்டா... பாரு, திரும்பிட்டா. என்னையேதான் பாக்குறா.”

ஒரு மூச்சு.

“கெஸ், இங்கதான். வா. ...ஏய், வேண்டாம். மாட்டாத. அதைக் காதுல மாட்டாத.”

அதற்குப் பிறகு பேட்டரி தீரும் வரை நான்கு மணி நேரம் அந்தச் சேனலில் ஓடைத் தண்ணீரின் சத்தம் மட்டும்.

நிக் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வியாழக்கிழமை பதிவு... அவ திரும்பினது சனிக்கிழமை” என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். ஆமாம் என்றேன். டெப்பும் அதற்கு மேல் சொல்லவில்லை.

நவம்பரில் விசாரணை நடந்தது. சேனல் வரிசை தவறியதை கெரினே எழுந்து சொன்னாள், யாரும் கேட்பதற்கு முன்னால். நான்கு நேரங்களை எழுதிய நோட்டையும் கொடுத்தாள். விசாரணை அதிகாரி நோட்டைப் படித்துவிட்டு, களைப்பில் இருந்த சாட்சியின் குறிப்பு என்று பதிவு செய்தார். நல்லெண்ணத்தில் நடந்த பிழை என்று தீர்ப்பில் எழுதினார். நீதிமன்றத்தில் இருந்தவை முன்னால் வைத்த இரண்டு ஒலிபெருக்கிகள்தான், பின்னால் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் டானியா ஒரு பிரதி கேட்டாள். காரில் கேட்பதற்கு ஸ்டீரியோவில் போதும் என்றாள்.

“முழுசா வேணுமா?” என்று கேட்டாள் கெரின்.

“முழுசா.”

கெரின் அன்றே மடித்துக் கொடுத்தாள். ஐந்து சேனல்களும் இருந்தன, இந்தத் தடவை நான்காவதும். டானியா டிசம்பரில் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு மெல்பர்ன் போனாள். கெரினோடு அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.