கம்பாலாவில் ஒரு நல்ல அறை

வெளியூரில் விடுதி தேடுகிறவர்கள் பெரும்பாலும் புகழ்ச்சியைத்தான் படிக்கிறார்கள். காலைச் சாப்பாடு பிரமாதம், மெத்தை மென்மை என்று யாரோ எழுதியிருந்தால் உடனே அறையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. இங்கே மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். குறை சொல்லி எழுதியதைப் படித்தால்தான் ஓர் இடம் எப்படிப்பட்டது என்று தெரியும், சார். கம்பாலாவில் என் தம்பிக்கு அறை தேடியபோதும் அப்படித்தான் படித்தேன்.

டீயைக் குடியுங்கள். இந்தக் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும். உங்களோடு வந்த பெண் போலீஸுக்கும் ஊற்றி வைத்திருக்கிறேன்.

என் பெயர் சிந்தியா. ஜெஃப்ரி என் ஒரே தம்பி. தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இறந்தபோது அவன் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. அன்று முதல் நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை.

ரூபினியோடு அவனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. தானா ராத்தாவில் பாலர் பள்ளி டீச்சர். நல்ல பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. ஜன்னல் திரைகளை நானே தைத்துத் தருகிறேன் என்று துணிகூட வாங்கி வந்தேன்.

அப்போதுதான் உகாண்டாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு தேயிலைக் கம்பெனிக்கு மெஷின் தெரிந்த ஆள் வேண்டுமாம். தலைநகர் கம்பாலாவில் ஆபீஸ். நான்கு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள், பிடித்தால் மனைவியோடு வந்து தங்கலாம் என்றார்கள். டிக்கெட் அவர்கள் பொறுப்பு. தங்கும் இடத்தை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

"நாலே நாள்லா, அக்கா. போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றான் ஜெஃப்ரி.

"புடிச்சிருந்தா?"

"புடிச்சிருந்தா யோசிப்போம்."

அவன் யோசிப்போம் என்று சொன்னால் முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும் அப்படித்தான் சொன்னான். ரூபினியைப் பற்றிப் பேச்செடுத்தபோதும் அப்படித்தான்.

என் எண்ணம் மிகச் சின்னது. அவனுக்கு அந்த ஊர் பிடிக்கக் கூடாது. ஒரு காய்ச்சல் வந்து, ஆப்பிரிக்காவே வேண்டாம் என்று திரும்பி வந்தால் போதும். பயண ஏற்பாடு முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனும் சந்தோஷமாக விட்டுவிட்டான்.

உகாண்டாவுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். மலையிறங்கி ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். ஜெஃப்ரிக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். போட்டு முடித்ததும் தலை சுற்றுகிறது என்று உள்ளே கட்டிலில் படுத்துவிட்டான். அதனால் டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். அங்கே மலேரியா உண்டு, கிளம்பும் முன்பே மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் நிறுத்தக் கூடாது என்றார். வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆப்பிரிக்காவுக்குப் போனதைச் சொல்ல வேண்டும் என்றார். பொறுமையான மனிதர். நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

"டாக்டரு என்னக்கா சொன்னாரு?" என்று காரில் கேட்டான்.

"ஊசி போட்ட எடம் ரெண்டு நாளைக்கு வலிக்கும்னாரு. இது கொசுக்கடிக்கு மாத்திர. அங்க போய்ப் போட்டுக்கலாம்."

வலிக்கும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான்.

திரும்பும் வழியில் பிரிஞ்சாங்கில் அப்துல் சுக்கூர் கடையில் ரொட்டி சாப்பிட்டோம். சுக்கூர் பாய் மாத்திரைப் பையைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"கம்பாலாவா? அட, அது மல மேல கட்டுன ஊரு தம்பி. வீடியோவுல பாத்திருக்கேன். நம்ம கேமரன் மாதிரிதாம்லா. மல ஊர்ல கொசு ஏது?"

பக்கத்து மேசையில் ஆண்டியப்பன் இருந்தார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். எஸ்டேட் லைன் வீடுகளில் எங்களுக்கு எதிர்வீடு. "இத்தன வயசுக்கு நான் ஒரு கொசுவத்தி வாங்குனதில்ல. கொசு கடிக்கணும்னா ஈப்போவுக்குத்தான் எறங்கணும். டாக்டருங்க சும்மா பயங்காட்டுவாங்கப்பா" என்றார்.

ஜெஃப்ரி சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் குளிர், குளிர் என்றால் கொசு இல்லை. கம்பாலா குன்றுகளின் மேல் இருப்பது நிஜம். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. கம்பளி தேவைப்படாத ஊர். இதை நான் படித்து வைத்திருந்தேன். கடையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே அறையை முடிவு செய்தேன். குன்றின் மேல் நல்ல விடுதிகள் நிறைய இருந்தன. ஜன்னல்களுக்கு வலை அடித்த, சுத்தமான இடங்கள். நான் எடுத்தது ஏரிப் பக்கம், தாழ்வான இடத்தில், சதுப்புக்கு அருகே ஒரு சின்ன விடுதி. அங்கே தங்கிய ஒரு ஜெர்மன்காரர் எழுதியிருந்தார்: தோட்டம் அழகு, கொசுவலை கிழிசல், இரவெல்லாம் தூக்கம் இல்லை. அதை இரண்டு முறை படித்தேன். தோட்டத்தை ஒட்டிய கீழ்த்தள அறைதான் வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கினேன். கம்பெனி இரண்டு தேதி கொடுத்திருந்தது. மழைக்காலத்தில் வரும் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். ஜெஃப்ரிக்குத் தோட்டம் என்றால் பிடிக்கும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, சார். யாராவது பிளேன் ஏறினால், முதல்நாள் சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து பயண ஜெபம் செய்வார்கள். பெட்டியைப் பூட்டி நடுவில் வைத்து, சுற்றி நின்று அதன்மேல் கை வைப்போம். ஜெபம் முடிந்த பெட்டியைப் போய்ச் சேரும் வரை திறக்க மாட்டோம். திறந்தால் ஜெபம் கலைந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றோம். ரூபினியின் கைக்குப் பக்கத்தில் என் கை இருந்தது. ஆண்டவரே, இந்தப் பிள்ளையை ஒரு தீங்கும் அணுகாமல் காத்தருளும் என்று உபதேசியார் சொல்ல, எல்லாரும் ஆமென் என்றோம். மாத்திரைப் பை என் தோளில் தொங்கிய கைப்பையில் இருந்தது.

ஆமென் சொன்ன வாயோடு ஜெஃப்ரி கேட்டான்: "அக்கா, அந்த மாத்திர வெச்சியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உள்ள இருக்கு" என்றேன்.

ரூபினி மட்டும், "ஒருவாட்டி பாத்துடலாமே" என்றாள். ஆண்டியப்பன் அவளைச் செல்லமாக அதட்டினார். "ஜெபம் முடிஞ்ச பெட்டியம்மா. டவுன்ல உங்களுக்கு இதெல்லாம் தெரியாது." அவள் வெட்கத்தோடு கையை எடுத்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. "பெட்டி பூரா தேடிட்டேன், மாத்திரையக் காணோமே."

"டாக்டர் போன் பண்ணாருப்பா. மல ஊருக்குத் தேவையில்லையாம். சும்மா எதுக்கு ஒடம்புக்கு மருந்துன்னு எடுத்துட்டேன்."

"அப்ப சரி" என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதை அவன் மறுத்துக் கேட்டதில்லை.

பிறகு ஊரைப் பற்றிப் பேசினான். சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டி நம் ரொட்டி தெலூர் மாதிரி தெருவில் விற்கிறார்களாம். ஆள் உயரப் பறவைகள் மரத்து உச்சியில் கிழவர்கள் போல நிற்கின்றனவாம். "ராத்திரிதான் கொசு புடுங்குது. ஆனா ஊரு நல்லாருக்குக்கா. ரொம்ப நல்லாருக்கு."

அங்கே எந்த மருந்துக் கடையிலும் அந்த மாத்திரை கிடைத்திருக்கும். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அவன் நல்லாருக்கு என்று இரண்டாவது முறையும் சொல்லிவிட்டானே, சார்.

"நல்லாப் போத்திக்கிட்டுப் படு" என்றேன்.

திரும்பி வந்தான். இரண்டாவது வாரம் காய்ச்சல் ஆரம்பித்தது. நான் விடுப்பு எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அது எனக்கு நல்ல வாரம். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் துணி நனைத்துப் போட்டேன். நான் எழுந்தால், "எங்கக்கா போற?" என்பான். அப்படி அவன் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

ரூபினி வந்து பார்த்தாள். "அக்கா, இது சாதாரண ஜுரமாத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போய்ட்டு வந்தாச்சும்மா. டெங்கி இல்லன்னுட்டாங்க. லைன்ல பாதிப் பேருக்கு இதே ஜுரந்தான்."

நாங்கள் போகவே இல்லை. அந்தக் காய்ச்சல் விட்டு விட்டு வரும். இறங்கும்போதெல்லாம், சரியாகிவிட்டது பார் என்று அவனிடம் சொல்வேன். அவனும் தலையாட்டுவான்.

ஒரு நாள் காலையில் அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டான். கண் மஞ்சளாக இருந்தது. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ரூபினி ஆண்டியப்பனை லோரியோடு வரச் சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இருவரும் அவனைத் தூக்கினார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார், வெளிநாடு போனாரா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் ரூபினி உகாண்டா என்றாள். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோலா தெர்லா தாண்டி, வளைவு ஒன்றில், நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றுபோனது.

மீதியை நீங்களே விசாரித்திருப்பீர்கள். மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் போன் செய்தாராம் என ஜெஃப்ரி ரூபினியிடம் சொல்லியிருக்கிறான். அவள் ஈப்போ டாக்டரையே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. இதோ அந்த மாத்திரைகள், சார். பிரிக்கவே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூபினி நேற்று வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அவரு அந்த வேல வேணாம்னு எழுதிட்டாரு. வந்த மறுநாளே. அக்காவ விட்டுட்டு அவ்ளோ தூரம் என்னால முடியாதுன்னாரு. தானா ராத்தா வீட்டுச் சாவி வாங்கியாச்சு. சாவியக் கையில வெச்சிக்கிட்டு ஒங்ககிட்டச் சொல்லி சந்தோஷப்படுத்தணும்னு இருந்தாரு. அதுக்குள்ள படுத்துட்டாரு."

பிறகு ஒன்று கேட்டாள். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, மொத நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்கதானே?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நீங்களும் அதைத்தான் கேட்க வருகிறீர்கள். ஆப்பிரிக்கா தூரம், அதனால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நாளும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த மூலையில் ஒரு பை இருக்கிறது, பாருங்கள். ஜன்னல் திரைக்கு வாங்கிய துணி. உகாண்டா என்ற பேச்சே வருவதற்கு முன்னால் வாங்கியது. ஒரு தடவைகூட அதில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கிருந்து தானா ராத்தாவுக்கு பஸ்ஸில் கால் மணி நேரம். அதுவும் தூரம்தான், சார்.