ஆனந்தமேரியின் எடை

எலி நாறும் என்று சொல்வார்கள் ஐயா. எலி நாறாது. மூன்று நாள் மாற்றாத உமியும் மூத்திரமும்தான் நாறும். அதை மாற்றுகிறவன் நான். பெயர் சவரியப்பன்; கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக எலிக்கூண்டு அள்ளுகிறேன். பந்தியில் என் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும். பாயசம் இரண்டு தரம் கிடைக்கும்.

எனக்கு இளகிய மனசு. ஆராய்ச்சி முடிந்து எலிகளைக் கொல்லும் அன்றைக்கு லீவு போட்டுவிடுவேன்.

போன வருஷம் தனுஷா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்று பெண் எலிகளின் பயத்தையும் ஞாபகத்தையும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதுவரை எல்லோரும் ஆண் எலிதான் கேட்பார்கள். பெண்ணென்றால் நாலைந்து நாளுக்கு ஒரு சுழற்சி, தினமும் பார்த்துக் குறிக்க வேண்டும், தொல்லை. "இந்த மருந்த ஜாஸ்தி சாப்புடறதே பொம்பளைங்கதாண்ணா. அப்புறம் எதுக்கு ஆம்பள எலியப் போய்க் கேக்கறது?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

தொண்டையில் குழாயை விட்டு மருந்தை இறக்குவது என் வேலை. எலி என் விரலெல்லாம் கழிந்து வைக்கும். அந்தக் கையால் சோறு தின்றவன் நான், எனக்கே குமட்டும். பிறகு சோதனை. சிலுவை மாதிரி ஒரு பலகை, உயரத்தில். இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவருக்குள் ஒடுங்கிக்கொள்ளும். மருந்து குடித்தது வெளியே வந்து மாதா தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி வேடிக்கை பார்க்கும்.

இன்னொரு சோதனை ஞாபகத்துக்கு. முன்பே காட்டிய கட்டை ஒன்று, புதுக் கட்டை ஒன்று. ஞாபகம் இருக்கிற எலி புதுக் கட்டையையே மோந்துகொண்டு நிற்கும். மறந்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான், சம நேரம் மோக்கும். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும். முதல் கூட்டத்து எலிகள் பயத்தையும் விட்டன, கட்டையையும் மறந்தன. தனுஷாவுக்கு அது கெட்ட செய்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் என் வீட்டில் ஆனந்தமேரி அழுதுகொண்டிருந்தாள். எங்கள் மகள் ஏஞ்சலின், கரியாலூரில் ஜீப் ஓட்டும் மலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போய் அப்போது எட்டு மாதம். எனக்கு அவள்மேல் கோபமில்லை. மலை ஏறக் கூடாது என்று மட்டும்தான் மேரியிடம் சொல்லியிருந்தேன். "ஒரே ஒருதரம் பாத்துட்டு வந்துர்லாங்க. புள்ள வயித்துல வச்சிக்கினு எப்டிக் கீதோ," என்பாள். கண்ணீர், சளி, முந்தானை. எலிக்கூண்டை அள்ளுகிறவனுக்குச் சளியைப் பார்த்து அருவருப்பு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அருவருப்பாகத்தான் இருந்தது.

மேரியைச் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் எடை மெஷினில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டு கிலோ. இளைத்துவிட்டேன் பாருங்க என்று ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். தனுஷா சுவரில் ஒட்டியிருந்த கணக்கைப் பெருக்கினேன். நூறு கிராம் எலிக்கு இவ்வளவு என்றால் ஐம்பத்திரண்டு கிலோவுக்கு எவ்வளவு. மனித உடம்புக்கு அதில் ஆறில் ஒரு பங்கே ஜாஸ்தி என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன பிறகுதான் தெரியும். எட்டாம் வகுப்பில் என் கணக்கு மார்க் முப்பத்தைந்து. எலி மருந்தை மேரியின் காலைக் காபியில் கலந்தேன். இரண்டாம் கூட்டத்து எலிகளுக்கு வெறும் தண்ணீர்தான் போனது. மருந்து வேலை செய்யவில்லையே என்று தனுஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள்.

மேரி அடங்கினாள். கை நடுங்கியது, வாய் உலர்ந்தது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றாள். ஆனால் அழவில்லை. தினமும் எழுதி வைத்தேன். அந்த நோட்டு உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. ஏஞ்சலின் போன் செய்தபோதெல்லாம் நான்தான் எடுத்தேன். அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றேன். ஐந்தாம் மாதத்திலிருந்து அது பொய்யும் இல்லை.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்த நேரம், ஏஞ்சலின் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் நாத்தனார் ரம்யா. மேரி அவளைப் பார்த்ததே இல்லை.

"அம்மா, நான்தாம்மா. ஏஞ்சலு."

மேரி அவளைப் பார்த்தாள். ரம்யாவைப் பார்த்தாள்.

"வாங்க, உக்காருங்க ரெண்டு பேரும். யாரு வூட்டுக்கு வந்தீங்க?"

என் மகள் உட்காரவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. ஆளுக்கு நாலு விநாடி ஐயா, மயிரிழை வித்தியாசம் இல்லை. அவ்வளவு சுத்தமாக எந்த எலியும் செய்ததில்லை.

தெரிந்தேதான் கொடுத்தேன். மறக்கும் என்று தெரியும். நிறுத்தலாம் என்றும் தெரியும். ஏழு மாதம் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மகள் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்திவிட்டார்களாம். நேற்று மேரி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். பேரனை மடியில் வாங்கிக்கொண்டு பொழுதெல்லாம் அழுதாளாம். ஏழு மாதம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நான் பார்த்துக்கொண்ட பெண். அவளை மறுபடி அழ வைத்தவர்கள்மேல் என்ன கேஸ் போடுவீர்கள், அதைச் சொல்லுங்கள்.