குறைதீர்ப்பு அலுவலர் விடுப்பில் இல்லை

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. பெண். திருமணமானவர். படங்களையும் தொடர்களையும் இணையம் வழியாக ஒளிபரப்பும் தனியார் நிறுவனம் ஒன்றில் குறைதீர்ப்பு அலுவலராக வேலை. என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன் பின்வருமாறு சொல்கிறேன்.

இணைய ஒளிபரப்புக்கு அரசு விதிகள் கொண்டுவந்த பிறகுதான் என்னுடைய பதவியே உண்டானது. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி யார் புகார் கொடுத்தாலும் அதை வாங்கி விசாரித்து, கெடுவுக்குள் பதில் சொல்ல ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒருவருடைய மானம் போகும்படி ஒரு காட்சி இருப்பதாக அவரோ அவர் சார்பில் வேறொருவரோ முறையிட்டால் ஒரு நாளுக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பதும் விதி. எங்கள் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம் என்பதை எங்கள் பதிலிலேயே தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. இவையெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். விதிகள் வந்த புதிதில் மற்ற நிறுவனத்தாருக்கு வகுப்பு எடுத்தவளும் நான்தான். அலுவலரின் பெயர் தளத்தில் தெரிய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கண்டவர்களும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வார்கள் என்று சொல்லி என் பெயரை எடுக்க வைத்து, பதவியை மட்டும் போடச் செய்தேன்.

எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை சிரிப்பை வரவழைப்பவை. தொடரில் வரும் பெண்ணுக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம், உடனே நிறுத்துங்கள் என்று ஒரு அம்மாள் வாரம் தவறாமல் எழுதுவார். வில்லனுக்குத் தன் மச்சானின் மூக்கை அப்படியே வைத்துவிட்டதாகவும், அதனால் வீட்டில் சண்டை என்றும் ஒருவர் எழுதினார். இப்படிப் படித்துப் படித்துப் புகார் என்றாலே வேடிக்கை என்று எனக்குப் பழகிவிட்டது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, எப்படி இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் 'மாட்டிக்கிட்டீங்களா' என்றொரு நிகழ்ச்சி வருகிறது. ஒளித்துவைத்த கேமராவால் ஆட்களை ஏமாற்றிப் படம் பிடிப்பார்கள். அதை நடத்துபவரை எல்லோரும் ரெட்டைவால் என்றே கூப்பிடுவார்கள். அதில் ஒரு பகுதியில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரை ஒரு வீட்டுக்கு வேலைக்கு வரச் சொல்லி, அவர் குனிந்து வேலை செய்யும்போது அவருடைய கருவிப் பைக்குள் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு, போலீஸ் உடையில் இரண்டு நடிகர்களை உள்ளே அனுப்பினார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா நான் எடுக்கல சார், எம் பொண்ணு மேல சத்தியம் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு பயத்தில் அவருடைய கால்சட்டை நனைந்தது. அந்த இடத்தில் சிரிப்பொலியைச் சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு ரெட்டைவால் ஓடிவந்து கேமராவைக் காட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள், ஒரு பரிசுக் கூடையைக் கொடுத்து ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டது படத்திலேயே தெரிகிறது.

இந்தப் பகுதியை நானும் என் கணவரும் என் தங்கையும் சேர்ந்து பார்த்தோம். என் கணவர் அந்த மெக்கானிக்கைப் போலவே கையைக் கூப்பிப் பேசிக் காட்டினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் "எம் பொண்ணு மேல சத்தியம் சார்" என்பது வழக்கமாகிவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்தப் பகுதியைப் பற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. மெக்கானிக்கின் மகள், தன் கணக்கிலிருந்து தன் பெயரில், அப்பாவுக்காக எழுதியிருந்தார். கடைசியில் கேமராவைக் காட்டும் பகுதியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் யாரோ பரப்பியிருப்பதாகவும், பார்ப்பவர்கள் அப்பாவை நிஜமான திருடர் என்றே நினைப்பதாகவும், வேலைக்குக் கூப்பிடுவது ஏறக்குறைய நின்றுவிட்டதாகவும், மூலப் படத்தையாவது எடுத்துவிட்டால் மேற்கொண்டு வெட்ட முடியாதே என்றும் எழுதியிருந்தார். நான் அதை 'ரசனை சார்ந்த கருத்து' என்ற வகையில் போட்டேன். மானம் சார்ந்த வகையில் போட்டிருந்தால் ஒரு நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும். ஒப்புதல் பெற்றே ஒளிபரப்பினோம் என்று பதில் அனுப்பினேன். மேல்முறையீட்டுக் குழுவைப் பற்றிய வரி பதிலில் தானாகவே வரும். அந்த வரியை நான் கையால் அழித்தேன். ஒரு புகார் குழு வரைக்கும் போனால் அது என் வேலைக்குக் கரும்புள்ளி. அழிக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் மறுபடியும் எழுதினார். அதே பதிலை மறுபடியும் அனுப்பினேன்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம், வரவேற்பில் இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தார். எனக்கு ஒரு பார்சல் வர வேண்டியிருந்ததால் நான் கீழே வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. கையில் அதே பை.

"குறை கேக்குற ஆபீசரைப் பாக்கணும்மா" என்றார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவங்க லீவுல இருக்காங்க" என்றேன்.

உட்காரச் சொன்னதற்கு, வேலைக்குப் போகும் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று நின்றுகொண்டே இருந்தார். அதன் பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். ஆபீசரிடம் இப்படிப் பேச வராது, நீங்கள் என்னைப் போல வேலைக்கு வருகிறவர், உங்களுக்குப் புரியும் என்றார். மகளின் வகுப்பில் பசங்கள் அவர் பேசியதைப் பேசிக் காட்டுகிறார்களாம். மகள் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து விட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டாராம். "நான் அழுதது பரவால்லம்மா. ஆனா அந்த... நனைஞ்சது. அதையாவது எடுக்கச் சொல்லுங்க" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பார்சல் வைக்கும் அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

வரவேற்புக்குப் பின்னால் காபி போடும் சிறிய அறை இருக்கிறது. அங்கிருக்கும் ஃபிரிட்ஜ் ரொம்ப நாளாகத் தடதடவென்று சத்தம் போடும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "இது இப்படி ஆடக் கூடாதே, பாக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். உள்ளே போவதற்கு முன் தன் பையைத் தரையில் என் எதிரே கவிழ்த்தார். ஸ்பானர்கள், டெஸ்டர், ஒரு செப்புக் குழாய்ச் சுருள், பழைய துண்டு ஒன்று, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். பையை உதறி உள்பக்கத்தையும் காட்டினார். அதன் பிறகு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் கால்களில் ஒன்றை முடுக்கினார். சத்தம் நின்றது. வெளியே வந்ததும் மறுபடியும் பையைக் கவிழ்த்து, சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டி, "பாத்துக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் என்றார். நான் "ம்" என்று சொன்னேன்.

போகும்போது, "ஆபீசரம்மா வந்ததும் ஞாபகமாச் சொல்லிடுங்க" என்றார். "கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன்.

அதன் பிறகு நான் மாடிக்குப் போய் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மேலாளரிடம் பேசினேன். மெக்கானிக் வந்துபோனதைச் சொல்லாமல், அந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டேன். "ஒண்ண எடுத்தா வரிசையா வந்து நிப்பாங்க. புது சீசன் வர்ற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார். ஆனால் விதிப்படி முடிவெடுக்க வேண்டியவள் நான், அவர் அல்ல. அவரைக் காரணம் காட்ட நான் இங்கே வரவில்லை. என் இடத்துக்குத் திரும்பி அந்தப் புகாரை 'முடிந்தது' என்று மூடினேன்.

புது சீசனின் தொடக்க விழா ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. நிறுவனத்தாருக்கு முன்வரிசையில் இடம். நானும் இருந்தேன். ரெட்டைவால் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி, மைக்கைக் கேட்டுக் கை நீட்டினார். ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். ரெட்டைவால் அவரை அடையாளம் கண்டு, "அட, நம்ம திருடர் வந்துட்டாரு! எல்லாரும் பையைப் பத்திரமாப் புடிச்சுக்குங்க!" என்றார். கூட்டம் முழுவதும் அந்தச் சத்திய வார்த்தையை ஒரே குரலில் சொல்லிச் சிரித்தது. ரெட்டைவால் தன் செல்பேசியை அவர் முகத்துக்கு அருகில் நீட்டிப் படம் பிடித்தார். மெக்கானிக் அந்தச் செல்பேசியைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் ரெட்டைவால் தடுமாறி மேடையிலிருந்து விழுந்தார், தோள் எலும்பு முறிந்தது. மெக்கானிக் அவரை அடிக்கவில்லை, தள்ளவுமில்லை. ஓடவுமில்லை. செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொருவரிடமும் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. என் பக்கமும் திரும்பினார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு, அவர் செல்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்த்ததாக வழக்குப் பதிவாகி, அவரைக் காவலில் வைத்தார்கள். நிகழ்ச்சியின் மேல் குறை இருந்தால் முறைப்படி புகார் கொடுத்திருக்கலாமே, அவர் பெயரில் ஒரு புகாரும் எங்களிடம் இல்லை என்று எங்கள் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தார். மகளின் பெயரில் இருப்பது வேறு கணக்கு என்று எனக்கு விளக்கினார். "நீங்க பொய் சொல்ல வேணாம் மேடம். கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றார்.

நேற்றுக் காலை ஆய்வாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெக்கானிக், தான் இங்கே நேரில் வந்து முறையிட்டதாகவும், வரவேற்பில் இருந்த நல்ல மனசுக்கார அம்மா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டதாகவும், அவரைக் கேட்டால் உண்மை தெரியும் என்றும் சொல்வதாகக் கூறி, வரவேற்புப் பெண்ணிடம் மெக்கானிக்கின் படத்தைக் காட்டினார். அந்தப் பெண் பயந்துபோய், "நான் இவரைப் பார்த்ததே இல்ல சார், சத்தியமா" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். ஆய்வாளர் கதவைத் திறந்துகொண்டு போகும்போது, "இதுலயும் பொய்தானா?" என்று தன் கூட வந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் இறங்கி வரவில்லை.

வீட்டில் என் கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி போய் நிக்கிற? வேலை போயிடும்" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். சிறிது நேரம் கழித்து, "அந்த ஆளு மாதிரி நான் பேசிக் காட்டுனேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்று காலை அலுவலகத்துக்குப் போய் அந்தப் பகுதியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு முறை அழுத்தினால் போதும், போய்விடுகிறது. வெட்டிப் பரப்பியவை இன்னும் சுற்றுகின்றன, அவற்றை எடுக்க என்னால் முடியாது. அதன் பிறகு மகள் எழுதிய இரண்டு மின்னஞ்சல்களையும் என் பதில்களையும் அச்செடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

ஆய்வாளர் என்னை அடையாளம் காட்டச் சொல்லி மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இவங்கதான் சார், ரிசப்ஷன் அம்மா. நான் சொன்னேன்ல, வருவாங்கன்னு" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்" என்றார். "நான் ரிசப்ஷன் இல்லைங்க. அந்த ஆபீசர் நான்தான்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது எல்லாமே..." என்று ஆரம்பித்து, "நேரா உங்ககிட்டதானே சொல்லியிருக்கேன்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். தன் சட்டையைக் கீழே இழுத்துக் கால்சட்டையின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகும்படி காவலரிடம் அவராகவே கேட்டார்.

நான் சொல்லச் சொல்ல ஆய்வாளர் எழுதி, முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். அன்று மதியம் மெக்கானிக் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததைப் பற்றிய இடத்தில், 'பணிச்சுமையின் காரணமாக அன்று அவருடைய குறையைக் கேட்க இயலாமல் போனது' என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். எனக்கு ஒத்தாசையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அன்று எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் சொன்னதை முழுவதும் கேட்டேன். ஆய்வாளர் அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அடித்த அந்த ஒரு வரியைத் தவிர இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னது, நடந்தது. அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
குறைதீர்ப்பு அலுவலர்