பின்வளவில ரவர் நட ஏலாது

ஏலாது தம்பி. ஏலாது எண்டால் ஏலாது! உந்தப் போன் ரவரை என்ர பின்வளவில நட விடமாட்டன். இரும், கதிரையில இரும். கம்பனிக்காரர் உம்மை வெயிலுக்க அனுப்பினதுக்கு நீர் என்ன செய்வீர், பாவம். தேத்தண்ணியைக் குடியும்.

அங்க பாரும், கிணத்துக்கட்டில ஏறி நிண்டு போனைத் தூக்கிப் பிடிக்கிறாளே... அதுதான் என்ர மகள் அனோஜினி. வருங்கால இஞ்சினியர்! கம்பஸில இனி என்ன பாடம் எடுக்கிறது எண்டு இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள போனில பதியவேணுமாம். விட்டால், ஆரும் வேண்டாமெண்டு விட்ட பாடந்தான் மிச்சமாம். காலமை தொடக்கம் நிக்கிறாள். அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கொண்டே கிடக்குது! வீட்டுக்க சிக்னல் இல்லை, குசினிக்க இல்லை. கிணத்துக்கட்டில மட்டும், அதுவும் நினைச்சால்தான் வரும்.

படிக்கப்போறது என்ன தெரியுமே? வயர்லெஸ்! சிரியாதையும். கனடாவில இருக்கிற என்ர அண்ணை பஸ்ரியாம்பிள்ளை, வீடியோவில மூக்கு மட்டும் தெரிய வந்து நிண்டு, "கொம்பியூட்டர் எடுக்கச் சொல்லு" எண்டார். நானும் புளியங்கூடல் ஊர் வரைக்கும் கொம்பியூட்டர் எண்டு சொல்லித் திரிஞ்சிட்டன். இவள் என்ன செய்தவள்? முழுப் படிப்புக்கும் தானே திட்டம் போட்டு அலுமாரிக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறாள். முதல் எலெக்ரோனிக்ஸ். பிறகு அன்ரெனா. பிறகு அலை எப்பிடிப் போகுது எண்டு ஒரு பாடம்... அலையை நாங்கள் காணாததே! கடைசி வருசம், ஆழக்கடலில நிக்கிற வள்ளத்துக்குக் கரையில இருந்து கதைக்கிறமாதிரி ஏதோ செய்யப்போறாவாம்.

அங்கதான் தம்பி எனக்குப் பத்தி எரியுது. இவளின்ர தேப்பன் கிறிஸ்ரி கடலுக்குப் போறவர். போன மாரியில போன் எடுபடாமல், மனுசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல், நானும் இவளும் கரையில நிண்டு குழறினது மாதாவுக்குத்தான் தெரியும். என்ர வயித்தில பிறந்ததாவது கடலை மறந்து இருக்கட்டும் எண்டு பாத்தால், படிப்புக்குள்ளயும் கடலை இழுத்துக்கொண்டு வாறாள். எனக்குப் பயமா இருக்குது தம்பி.

என்ன? ரவர் வந்தால் வீட்டுக்கையே சிக்னல் வருமோ? பெரிய கண்டுபிடிப்பு! சிக்னல் வரும், மாப்பிள்ளை வருவானோ? அது சீதனக் காணி ஐசே! பொம்பிளை பாக்க வாறவை பின்வளவை எட்டிப் பாக்கேக்க, பனைக்கு மேலால ஒரு இரும்பு நிண்டால் என்ன சொல்லுவினம்?

மற்றவை கலியாணம் சரிவந்தால்தான் சீதனம் எழுதுவினம். நான் அப்பிடிப்பட்ட ஆளில்லை. முன்வீட்டுப் பிலோமினம்மா, தன்ர மோளுக்கு எழுதப்போறன், எழுதப்போறன் எண்டு வாயடிச்சுக்கொண்டு திரிஞ்சவ. விடுவனே? பிள்ளை கம்பஸுக்கு எடுபட்ட கையோட நொத்தாரிசைக் கூப்பிட்டு, முழு வளவையும் அனோஜினியின்ர பேருக்குக் காணி உறுதி எழுதி முடிச்சுப்போட்டன். எனக்கெண்டு ஒரு பனங்குத்தியும் மிச்சமில்லை. பிலோமினம்மாவின்ர முகத்தைப் பாத்திருக்கவேணும் நீர்!

ஓம், அவளின்ர பேரிலதான். ஓம், பதினெட்டு வயசும் முடிஞ்சிட்டுது. ஏன் கேக்கிறீர்?

என்ன, எழும்பீற்றீர்? தேத்தண்ணி அப்பிடியே கிடக்குது... தம்பி, வெளியில போற படலை இஞ்சால! உது கிணத்தடிக்குப் போற வழி! ஐயோ, என்ர வாயை நானே... அடியே அனோஜினி, உவரோட கதையாதை! ஏனடி இறங்கிறாய்? என்ன துள்ளல்? பதிஞ்சிட்டுதோ? எது... வயர்லெஸ்ஸோ? நாசமாப் போச்சு!

உங்க எங்க ரெண்டுபேரும் பனையடிக்கு நடக்கிறியள்? பிள்ளை, கொப்பர் கடலால வரட்டும், அதுக்குப் பிறகு கையெழுத்தை வை! கேக்கிறாளே பார்... தம்பி! ஓய், தம்பி! ஒண்டு சொல்லிப்போட்டுப் போம். உந்த ரவர்... கடலுக்க எவ்வளவு தூரத்துக்கு எடுபடும்?