வலப்பக்கம் திருப்பினால்

பித்தளையைத் துலக்கக் கடைச் சரக்கு எதுவும் வேண்டாம், மேடம். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியில் கொஞ்சம் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். அன்றைக்குக் காலையிலும் தம்பியின் தலைக்கவசத்தை அப்படித்தான் துலக்கினேன். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

நான் கார் சீட்டுக்குத் தோல் உறை தைப்பவள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். ஸ்டீம்பங்க் பைத்தியம் முதலில் அவனுக்குத்தான் பிடித்தது. உலகம் நீராவிக் காலத்தோடு நின்றுபோயிருந்தால் மனிதர்கள் எப்படித் திரிவார்கள் என்று கற்பனை செய்து வேஷம் கட்டுவது. பற்சக்கரம், பித்தளைக் குழாய், தோல் கச்சை, உயரத் தொப்பி. வேலையற்ற வேலை என்று திட்டத்தான் செய்தேன். அப்புறம் ஊசியை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

அவன் இயந்திர மனிதன். நான் அவனுக்குச் சாவி கொடுக்கும் கடிகாரக்காரி. அவனுக்கு இடுப்புவரை தோலும் தகடும், தலைக்கு மூடிய கவசம். எல்லாக் கொக்கிகளும் முதுகில் ஒரே பூட்டில் வந்து சேரும். சாவியை வலப்பக்கம் திருப்பினால் சக்கரங்கள் கடகடவென்று சுழலும். இடப்பக்கம் திருப்பினால் கொக்கிகள் விடுபட்டு உடை திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவனால் தானாகக் கழற்ற முடியாது.

"மூச்சு முட்டினா என்னக்கா பண்றது?" என்று கேட்டான்.

"நெஞ்சுத் தகட்டைத் தட்டு. நான் பின்னாடியேதானே நிப்பேன்" என்றேன்.

நின்றேன். எத்தனையோ மாநாடு, எத்தனையோ ஊர்வலம், அவன் தட்டிய மறுகணம் திறந்துவிட்டிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்வலத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் இருவரும் என் பட்டறைக்கு வந்தார்கள். அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாம், அவனும் கூடப் போகிறானாம்.

"இதாங்க்கா நாம சேர்ந்து போற கடைசி ஊர்வலம். அடுத்த வருஷத்துலேர்ந்து இவ சாவி கொடுக்கட்டும். நீயும் எத்தனை நாள்தான் என் முதுகுக்குப் பின்னாடியே நிப்பே?"

கரிசனமாகத்தான் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன். சாவியை எப்படித் திருப்புவது என்று அவள் கேட்டாள். ஊர்வலம் முடியட்டும், சாவகாசமாகச் சொல்லித்தருகிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

கவசத்தின் காதோரம் காற்றுத் துளைகள் உண்டு. அவற்றுக்கு உள்பக்கம் கம்பளித் துணியை வைத்து ஒட்டினேன். தகடு அதிர்ந்து சத்தம் போடுகிறது என்று அவனே ஒருமுறை குறைபட்டிருக்கிறான். உள்ளே சின்னதாக ஒரு ஃபேன் இருந்தது. அதன் ஒயரை உருவிவிட்டேன். அது எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். என் கை இல்லாமல் தன்னால் ஆகாது என்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

"அக்கா, ஃபேன் ஓடலையே."

"நடக்க ஆரம்பிச்சா ஓடும்டா" என்று சொல்லிப் பூட்டினேன்.

எங்கள் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். கேப்டன் என்போம். அட்டையில் செய்த ஆகாயக் கப்பலை இடுப்பில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். கடைவீதிக்குள் திரும்பியதும் தம்பியின் நடை தள்ளாடியது. பார்த்தவர்களுக்கு அது நடிப்பு. தகட்டைத் தட்டினான். எனக்குக் கேட்டது, அதில் சந்தேகமே வேண்டாம். சாவியைப் போட்டு வலப்பக்கம் திருப்பினேன். சக்கரங்கள் சுழன்றன. கூட்டம் கைதட்டியது.

இரண்டு கையாலும் தட்டினான். மறுபடியும் வலப்பக்கம் திருப்பினேன். மண்டியிட்டு விழுந்தான்.

"பொம்மைக்குச் சாவி தீந்துபோச்சு பாரு" என்று யாரோ தன் குழந்தைக்குக் காட்டினார். கேப்டன் திரும்பிப் பார்த்து, "பிரமாதம்மா, இந்த வருஷமும் பரிசு உங்களுக்குத்தான்" என்றார். தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். ஜனங்கள் எதிர்பார்த்து நிற்கும்போது சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

முதலில் புரிந்துகொண்டது அவள்தான். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணி, திறங்க. அவர் நடிக்கலை. சாவியைக் கொடுங்க அண்ணி."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. "கூட்டத்துல எங்கேயோ விழுந்துடுச்சும்மா" என்றேன்.

அவள் கொக்கிகளை வெறுங்கையால் பிய்க்கப் பார்த்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. என் தையல் அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்காது. கேப்டன் போட்ட சத்தத்தில் ஊர்வலமே குனிந்து தரையில் சாவியைத் தேடியது. நானும் அவர்களோடு குனிந்து தேடினேன். அவன் தகட்டைத் தட்டும் சத்தம் நிற்கும்வரை தேடினேன்.

அதன் பிறகு, கிடைத்துவிட்டது என்று சொல்லி, போட்டு இடப்பக்கம் திருப்பினேன். எல்லாக் கொக்கியும் ஒரே நேரத்தில் விட்டது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. என் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதிவிட்டேன். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இருந்த அதே முகம். அவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை, மேடம். ரத்தக் கையோடு தெருவில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளை நம்பி என் தம்பியை நான் எப்படி அனுப்பிவைப்பேன், நீங்களே சொல்லுங்கள்.