மட்டையை நீட்டியவன்

ஒலிவாங்கி முன்னால் உட்காருகிறவன் பால் தொடக்கூடாது; தொண்டையில் சளி கட்டும். எனக்கு எப்போதும் வெந்நீர்தான். காபியை நீங்களே குடியுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

டெல்பர்ட் க்ரோ உங்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் பந்து எறிகிறவன், கோர்வையாகச் சொல்ல வராது. நான் சொல்கிறேன்.

பேஸ்பால் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றீர்கள். பேஸ் என்பது மைதானத்தின் நான்கு மூலைகள்; நான்கையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். பந்து எறிகிற பிட்சருக்கும் மட்டை பிடிக்கும் முறை வரும். பெரும்பாலோருக்கு அடிக்கத் தெரியாது. அதனால் முதல் பேஸில் தன் ஆள் ஒருவன் ஓடக் காத்திருந்தால், பிட்சர் பந்து வரும் திசைக்கு நேரே திரும்பி, மட்டையை வீசாமல் பந்துக்குக் குறுக்கே நீட்டி, மெத்தென்று தரையில் உருட்டிவிடுவான். தான் அவுட்டாகி மற்றவனை ஒரு பேஸ் நகர்த்துவான். அதுதான் பன்ட். எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். வளர்ந்த ஆண்பிள்ளை முழங்காலை மடித்து, மட்டையை ஏந்திக்கொண்டு, வந்து பட்டால் போதும் என்று நிற்கிறான். வானொலி வர்ணனையில் ஒவ்வொரு பன்டையும் நான் பிரித்துப்போட்டு மேய்வேன். என் கூட்டாளி வால்ட் சிரிப்பான். இந்த உருக்காலை ஊரில் பாதிப் பேர் எங்கள் பேச்சுக்காகத்தான் வானொலியைத் திருப்பினார்கள்.

ஜீன் ஹ்ருஷ்கா எங்கள் அணியின் பிட்சர். குளிர்காலத்தில் ஆலையில் வேலை பார்ப்பான். இந்த வருஷம் ஆட்டத்துக்குத் திரும்பியபோது அவன் பன்டுக்கு நிற்கிற விதம் மாறியிருந்தது. கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி தலையை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றான். அதை அப்படியே சொன்னேன். மறுநாள் அரங்கில் மூவாயிரம் பேர் கொக்கரித்தார்கள்.

ஜூனில் ஒரு ஞாயிறு. மூன்றாம் பேஸில் எங்கள் ஆள். ஹ்ருஷ்கா மட்டையை நீட்டினான். "இது நேரா எதிராளி கைக்குத்தான் போகும்" என்றேன். பந்து சுண்ணாம்புக் கோட்டோரமாக உருண்டு புல்லில் அடங்கியது. மூன்றாம் பேஸ்காரன் ஓடி வந்து சேர்ந்தான்; அதிலேயே ஜெயித்தோம். ஹ்ருஷ்கா எங்கள் வர்ணனைக் கூண்டை நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"ஆர்வில், சொன்ன சொல்ல இப்பத் தின்னுடறியா? கெச்சப் தரட்டுமா?" என்று வால்ட் கேட்டது ஊர் முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் என் முடிதிருத்துபவன்கூடக் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கத்தரியை எடுத்தான்.

ஜூலையில் ஹ்ருஷ்கா கூண்டுக்கு வந்தான். நான் மட்டும்தான் இருந்தேன்.

"மிஸ்டர் ஸ்டிக்லர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆலையில தீப்பொறி தெறிச்சு இடது கண்ணு போச்சு. வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. மேனேஜருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மூட்டையக் கட்டச் சொல்லிடுவார். டோரத்திக்கு இது எட்டாம் மாசம். தெனமும் ரேடியோ முன்னாடிதான் உக்காந்திருப்பா. அந்தக் கோழிப் பேச்ச மட்டும் விட்டுடுங்க."

"சரிப்பா, விட்டுடறேன்" என்றேன். விட்டும் விட்டேன். நிலையத்தில் ஒலிப்பதிவுகள் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பேசும்போதெல்லாம் அந்தக் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைத்த கையாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் போனதும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஆகஸ்டில் டெல்பர்ட்டின் அணி எங்களோடு ஆட வந்தது. காலையில் ஓட்டலில் அவன் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ஹ்ருஷ்கா பன்டுக்கு நின்னா, உள்பக்கமா, அவன் உடம்ப ஒட்டி, முகத்து உயரத்துக்குப் போடு."

"ஒதுங்கிடுவானே."

"மாட்டான். அந்தப் பக்கத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு."

மெல்லுவதை நிறுத்தினான். "யோவ், ஆளு செத்துகித்துத் தொலைச்சா?"

"மிரட்டத்தானேப்பா. நீ என்ன வேகத்துல போடுவேன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரப்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

எனக்குத் தெரியும். எங்கள் லீகில் அவ்வளவு வேகமாக எறிகிறவன் வேறு ஒருவனும் இல்லை. அவனுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன்.

மூன்றாவது இன்னிங்ஸ். ஒருவன் அவுட். முதல் பேஸில் ஆள். ஹ்ருஷ்கா மட்டையை நீட்டினான். பந்து டெல்பர்ட்டின் கையை விட்டதுமே வால்ட் பதறி எழுந்தான். நான் எழவில்லை. ஹ்ருஷ்காவின் தலை அசையவே இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் எங்கள் ஒலிவாங்கியில்கூட விழுந்தது. வால்ட் வாயைப் பொத்திக்கொண்டான். யாராவது பேசியாக வேண்டும். "மட்டையைப் பின்னுக்கு இழுத்திருக்க வேண்டும், நேயர்களே. கவனக்குறைவு" என்றேன். டோரத்தி கேட்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை ஹ்ருஷ்கா ஆஸ்பத்திரியில் இறந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். கண் விஷயத்தை டெல்பர்ட்டிடம் சொன்னது நான். எங்கே எறியவேண்டும் என்று சொன்னதும் நான். அது கொல்லும் என்று தெரிந்தேதான் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும். மூன்று அவுட்டில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றைத் தாரைவார்க்கிற நேரமல்ல அது. ஆட்டமோ மூன்றாவது இன்னிங்ஸ்தான். மேனேஜர் பன்ட் கேட்கவில்லை, அது ஹ்ருஷ்காவாக எடுத்த முடிவு. மட்டையை வீச நின்றிருந்தால் உடம்பு பக்கவாட்டில் இருந்திருக்கும், பந்து தோளில் பட்டிருக்கும். பன்டுக்கு நிற்காதே என்றுதான் நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான்.